பறவை வேகும், வீடு பூட்டியிருக்கும்

கிறிஸ்துமஸ் இரவில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டால் அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார்? தென் கேரளத்து எல்லைப்புறச் சமையலறைகளில் எழும் இந்தக் கேள்விக்குக் கல்கத்தாவிலும் கோவாவிலும் லண்டனிலும்கூட விடைகள் கிடைக்கின்றன.

விழிஞ்ஞத்துக்கும் பாலராமபுரத்துக்கும் இடையே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது கோட்டுகால். கடலோரத்தில் அடிமலத்துறை மீனவர் குடியிருப்பு. உள்ளே வந்தால் தென்னையும் வாழையும் மரவள்ளியும். டிசம்பர் 24ஆம் தேதி பொழுது சாயும்போது வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். வைக்கோல் வேய்ந்த புல்கூட்டில் களிமண் ஆடுமாடுகள் குழந்தை இயேசுவுக்காகக் காத்திருக்கும். சமையலறையில் அப்பமாவு பொங்கிக்கொண்டிருக்கும். இரவு பதினொரு மணிக்குத் தெரு நிறைய ஆட்கள். வீடுகளில் ஒருவரும் இல்லை.

ஒருவரும் என்று சொல்லிவிட முடியாது. அடுப்பில் ஏதாவது இருக்கிற வீட்டில் ஒருவர் தங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பாட்டி; இல்லையென்றால் மருமகள். வருஷத்தில் ஒரே ஒருமுறை வருகிற பூசை. அதை அடுப்படியில் நின்று ஒலிபெருக்கியில் கேட்கும் பாக்கியம் மட்டுமே அவருக்கு.

கடற்கரையில் இருப்பவர்கள் லத்தீன் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு நள்ளிரவுப் பூசை. உள்நாட்டில் தென்னிந்திய திருச்சபையினரும் இரட்சணிய சேனையினரும் கலந்து வாழ்கிறார்கள். திருச்சபையினரின் ஆராதனை பல இடங்களில் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். நேரம் வேறானாலும் இரு தரப்புக்கும் சிக்கல் ஒன்றுதான். கோயிலிலிருந்து திரும்புகிற குடும்பம் பசியோடு வரும். அப்பம் ஐந்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதற்குத் தொட்டுக்கொள்ள வேண்டிய பறவை அப்படி வேகாது.

இந்த வட்டாரத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை வரவில்லை. கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது. பக்கத்துப் பாலராமபுரத்தின் நெசவாளர்களான சாலியர்களோ திருவிதாங்கூர் அரசர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். எல்லைக்கோடு அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது, சமையலறையில் இல்லை. தேங்காயை வறுத்து அரைத்த கோழிக்குழம்பு பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் ஒரே மணம். வாத்துக்குக் குமரி மாவட்டத்தில் தாரா, கோட்டுகாலில் தாராவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் பறவை?

பண்டிகைப் பறவை என்றால் முதலிடம் நாட்டுக்கோழிக்கு. கொஞ்சம் வசதி இருந்தால் தாராவு. இன்னும் வசதியும் விருந்தாளிகளும் இருந்தால் வான்கோழி.

தாராவு வருவது குட்டநாட்டிலிருந்து. சாரை, செம்பல்லி என்று இரண்டு நாட்டு இனங்கள் அங்கே உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்ந்து வளரும் பறவைகள். நடந்து திரிந்து வளர்ந்த உடம்பு என்பதால் சதை கெட்டி. அவசர அடுப்புக்கு மசியாது. இந்த வியாபாரம் கிறிஸ்துமஸை நம்பியிருக்கிறது என்பதால்தான் 2014 நவம்பரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது குட்டநாடு கலங்கிப்போனது. ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் மறுபடியும். நன்றாக வெந்த இறைச்சியில் இந்த வைரஸ் பிழைக்காது என்று மருத்துவர்கள் சொன்னாலும் கடைக்காரரின் கவலை அதோடு தீர்வதில்லை.

வான்கோழி அமெரிக்கப் பறவை. ஆனாலும் உலகம் அதை இந்தியாவின் தலையில் கட்டியிருக்கிறது. டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த 'கல்கூன்' என்ற பெயர் கள்ளிக்கோட்டையிலிருந்து பிறந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இந்தியக் கோழி. துருக்கியர்களுக்கு 'ஹிந்தி'. ஆங்கிலேயர்களோ துருக்கியின் பெயரையே சூட்டிவிட்டார்கள். இந்தியாவுக்கு அது போர்த்துகீசியர் வழியாக வந்தது. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த விசித்திரப் பறவையைக் கண்டு ஜஹாங்கீர் அசந்துபோய், ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்தச் சித்திரம் இன்று லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமைத்தாரா என்பது வேறு விஷயம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு நெருடல் எழும். மூதுரையில் மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்த வான்கோழி எங்கிருந்து வந்தது? கொலம்பஸ் கப்பலேறியதே 1492இல். ஔவை கண்டது வேறு பறவையாக இருக்க வேண்டும். அல்லது நாம் நினைப்பதைவிட அந்தப் பாட்டு இளையதாக இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் இன்று வான்கோழி என்றால் கொல்லம் குரீப்புழையில் கேரள அரசின் கால்நடைத் துறைப் பண்ணையில் வளர்கிறதே, அதுதான்.

ரோஸ்ட் என்னும் மாயச் சொல்

கேரள ஓட்டல் பலகையில் 'தாராவு ரோஸ்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மேல்நாட்டுப் படங்களில் வருவதுபோல முழுப் பறவை தட்டில் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வருவது துண்டுகள், கருஞ்சிவப்பாக வற்றிய மசாலா, மேலே தேங்காயெண்ணெய் பளபளப்பு. முதலில் மூடி வேகவைத்து, பிறகு வெங்காயமும் மிளகும் சேர்த்து வற்றப் பிரட்டுவதற்குத்தான் இங்கே ரோஸ்ட் என்று பெயர். 'முட்டை ரோஸ்ட்' என்று ஒன்று இருப்பதே போதும், இந்தச் சொல்லுக்கும் நெருப்பில் வாட்டுவதற்கும் உறவில்லை என்பதற்கு.

காரணம் எளிது. நம் வீடுகளில் சூளை இல்லை. இருந்தது திறந்த அடுப்பு. அதில் முழுப் பறவையை வாட்ட வேண்டுமானால் ஒருவர் கூடவே நின்று திருப்ப வேண்டும். கூட நிற்க ஆளில்லாத இரவுக்கு ஏற்றது மூடிய சட்டியும் தணிந்த கனலும்தான். அதற்கான பொருள்கள் இந்த மண்ணில் நிறையவே உண்டு. சிரட்டைக் கனல் சீக்கிரம் அவியாது. அதன்மேல் சாம்பலைப் போர்த்திவிட்டால் இன்னும் நெடுநேரம் சூடு நிற்கும். உமி கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்து புகைந்தே இரவைக் கடத்தும். சட்டியின் மூடியிலும் கொஞ்சம் கனலை அள்ளிப் போட்டால் மேலும் கீழும் சூடு. ஏழை வீட்டுச் சூளை அதுதான்.

மரம் அறுக்கும் மில்கள் பெருகிய காலத்தில் கேரளமெங்கும் பரவிய மரத்தூள் அடுப்பும் இந்த வகைதான். ஒரு தகர டப்பா. நடுவில் ஒரு கட்டையை நட்டு, சுற்றிலும் மரத்தூளை இறுக்கமாக இடித்து நிரப்ப வேண்டும். கட்டையை உருவினால் நடுவே குழாய்போல ஒரு வழி. அடியில் தீ வைத்துவிட்டால் உள்சுவர் மெல்ல மெல்லக் கரிந்து பல மணி நேரம் எரியும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். சமையல் எரிவாயு வந்ததும் இந்த டப்பாக்கள் கொல்லைப்புறத்துக்குப் போயின. எரிவாயுவில் அவசரம் இருக்கிறது. இந்தப் பொறுமை இல்லை.

ஊர் அடுப்பு

வீட்டில் சூளை இல்லையென்றால் என்ன, ஊரில் இருக்கிறதே என்று உலகத்தின் பல மூலைகளில் மக்கள் யோசித்திருக்கிறார்கள்.

பேக்கரியின் செங்கல் சூளைக்குக் கேரளத்தில் போர்மா என்று பெயர். 1880இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டித் தோட்ட முதலாளி முர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கை மாதிரி காட்ட, அதைப் பார்த்து இவர் ஒன்று செய்துகொடுத்தார். இந்தியாவின் கிறிஸ்துமஸ் கேக் வரலாறு அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. அவருடைய குடும்பத்தினர் பின்னர் கேரளத்தின் பல நகரங்களில் பேக்கரி வைத்தார்கள்.

போர்மா வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. உள்ளேயே விறகை எரித்து, செங்கல் பழுத்ததும் கனலையும் சாம்பலையும் வாரிவிடுவார்கள். பிறகு நெருப்பே கிடையாது. செங்கல்லில் தேங்கிய சூடுதான். முதல் சூட்டில் ரொட்டி. கொஞ்சம் தணிந்ததும் கேக், பிஸ்கட். கடைசியில், இரவு முழுக்க, ரஸ்க் காய வைக்கலாம். இந்த இறங்குமுகச் சூடு ஒரு பெரிய பறவைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அமையும். முதலில் தோல் சிவக்கும். பிறகு சதை நிதானமாக வேகும். நெருப்பு இல்லாததால் கருகுமோ என்ற பயம் குறைவு.

விக்டோரியா காலத்து லண்டன் ஏழைகளுக்கு இது தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் ரொட்டி சுடக் கூடாது என்று சட்டம். சூளை சும்மா இருக்கும். அக்கம்பக்கத்தார் தங்கள் இறைச்சித் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாதா கோயிலுக்குப் போவார்கள். டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஏழைக் குமாஸ்தா வீட்டு வாத்து வெந்தது ரொட்டிக்காரரின் சூளையில்தான். கோவாவில் 'போதேர்' என்றழைக்கப்படும் ரொட்டிக்காரர்களின் விறகுச் சூளைக்குப் பண்டிகைத் தட்டுகள் போவது பழைய வழக்கம். கல்கத்தாவில் இன்றும் டிசம்பர் மாதத்தில் குடும்பங்கள் மாவு, வெண்ணெய், முட்டை, பழம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சின்னச் சின்னப் பேக்கரிகளுக்குப் போய்த் தங்கள் கேக்கைத் தாங்களே சுட்டு வாங்கி வருகிறார்கள். அந்தச் சூளைகள் பலவற்றை நடத்துபவர்கள் முஸ்லிம்கள்.

அதே கல்கத்தாவில் இன்னும் நெருக்கமான ஒரு முன்மாதிரி உண்டு. பாக்தாதிலிருந்து வந்த யூதர்கள் அங்கே செழிப்பாக வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1902இல் தொடங்கிய நஹூம் பேக்கரி அவர்களுடையது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். தீ மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் முழுக்கோழியின் வயிற்றில் அரிசியும் மசாலாவும் அடைத்து, சுற்றிலும் அரிசி கொட்டி, மூடி, மெல்லிய சூட்டில் வைத்துவிடுவார்கள். இரவு கழிந்து தொழுகைக்குப் போய்த் திரும்பினால் சாப்பாடு தயார். பெயர் ஹமீன். இன்று கல்கத்தாவில் அந்தச் சமூகத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். நஹூமில் கிறிஸ்துமஸ் கேக்குக்கான வரிசை மட்டும் நீண்டுகொண்டே இருக்கிறது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் இதன் உறவுப் பண்டம் 'சோலன்ட்'. லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை மாலை பானையை ரொட்டிக்காரரின் சூளையில் வைத்துவிட்டு வருவதைப் பற்றித் தாய் சொன்ன கதையை மனதில் வைத்துத்தான் அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் மெதுசமையல் மின்பானையை உருவாக்கினார். 1940இல் காப்புரிமை. 1971இல் ரைவல் நிறுவனம் அதற்கு 'கிராக்பாட்' என்று பெயரிட்டு விற்றபோது, வேலைக்குப் போகும் அமெரிக்கப் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தொழுகைக்குப் போனவர்களுக்காகப் பிறந்த யோசனை அலுவலகம் போகிறவர்களுக்கு உதவியது.

சூடாறாப் பெட்டி

கேரளத்துக்கு இந்த யோசனை வேறு வாசல் வழியாக வந்தது. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், விறகுச் செலவையும் பெண்களின் நுரையீரலையும் கருதிப் புகையில்லா அடுப்பைப் பரப்பியது. பரிஷத் அடுப்பு என்றே அதற்குப் பெயர். அதன் தோழனாக வந்தது சூடாறாப் பெட்டி. தெர்மோகோல் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவே. அரிசி கொதித்துச் சில நிமிஷங்கள் ஆனதும் பானையை உள்ளே வைத்து மூடிவிட்டால், மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கும் வயலுக்கும் போய்விட்டுத் திரும்பிய பெண்கள் வெந்த சோற்றை எடுத்தார்கள். பூட்டிய வீட்டில் தீயே இல்லாமல் சமையல் நடக்கிறது என்பதுதான் இதன் அழகு.

அரிசிக்குச் சரி, பறவைக்கு? முழுப் பறவையைச் சூடாறாப் பெட்டியில் வைப்பது நல்ல யோசனை அல்ல. கோழியிறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஒழிந்தன என்று நிம்மதியாக இருக்கலாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பு கிருமிகளுக்குக் கல்யாண வீடு. குழம்பு கொதித்தாலும் முழுப் பறவையின் நடு எலும்பு குளிர்ந்தே இருக்கும். பெட்டிக்குள் போனபிறகு அது சூடேற வாய்ப்பு குறைவு. துண்டு போட்டுக் குழம்பில் நன்றாக இருபது நிமிஷம் கொதிக்கவைத்து, பானை நிறைய இருக்கும்படி மூடி வைத்தால் ஆபத்தில்லை. பாதிப் பானை சீக்கிரம் ஆறிவிடும். திரும்பி வந்ததும் ஒருமுறை தளதளவென்று கொதிக்கவைத்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும்.

மெதுவாக வேகவைப்பதில் ருசியின் நியாயமும் இருக்கிறது. காலும் தொடையும் ஓடி உழைத்த சதை. அதிலுள்ள இணைப்புத் திசு நேரம் கொடுத்தால்தான் கரைந்து பசையாகும். நெஞ்சுக்கறி அப்படியல்ல, கொஞ்சம் கூடினாலும் நாராகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்வதுதான் பறவைச் சமையலின் முழுக் கலையும். 1947இல் அமெரிக்க ஊட்டச்சத்து எழுத்தாளர் அடெல் டேவிஸ், இரவு முழுக்க மிகத் தாழ்ந்த சூட்டில் வான்கோழியை வைக்கச் சொல்லிப் பலரை மயக்கினார். அந்த நாட்டு விவசாயத் துறை ஒத்துக்கொள்ளவில்லை. ஓவன் 163 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சூட்டில் 5 கிலோ வான்கோழிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். பாட்டு, பூசை, பிரசங்கம், குழந்தை இயேசுவை முத்தி செய்யும் வரிசை, வீடு திரும்பும் நடை எல்லாம் சேர்த்தால் கோட்டுகால் குடும்பத்துக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்.

ஓவன் இப்போது அபூர்வப் பொருளல்ல. வளைகுடாவிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளில் மிக்ஸியோடும் டேப் ரெக்கார்டரோடும் அதுவும் வந்து இறங்கியது. பல வீடுகளில் வருஷத்தில் பதினோரு மாதம் உறைபோட்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் மின்சாரத்தை நம்பிப் பறவையை விட்டுவிட்டுப் போவதில் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் பூசையில் இருக்கும்போது கரண்ட் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. பறவை வெளியே சிவந்து, உள்ளே பச்சையாக இருக்கும். மின்வெட்டுக்குப் பழகிய ஊர்க்காரர்கள் கிளம்புமுன் சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் மின்சாரக் கடிகாரத்தைச் செருகி வைப்பது நல்லது. நின்று மறுபடி ஓடியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பார்க்கும் இறைச்சி வெப்பமானி அதைவிட நல்லது.

செய்யவே கூடாதவை இரண்டு. எரிவாயு அடுப்பைச் 'சிம்'மில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டுவது ஒன்று. காற்றில் சுடர் அணைந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்து விளக்குப் பொத்தானைத் தட்டினால் போதும். சிரட்டைக் கனலை அடைத்த அறைக்குள் வைப்பது மற்றொன்று. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் உறங்கும் குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ இருந்தால் விபரீதம். கனல் அடுப்பு கூரைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் இருக்கட்டும். உறையவைத்த வான்கோழி வாங்கியவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். குளிர்பெட்டிக்குள்ளேயே உருக, 2 கிலோவுக்கு ஒரு நாள் வீதம் ஆகும். 5 கிலோ பறவையை 24ஆம் தேதி மாலை வெளியே எடுப்பவர் 25ஆம் தேதி அப்பத்தைச் சர்க்கரையோடு சாப்பிட வேண்டியதுதான்.

சாப்பாடே பெரிதில்லை என்று ஆகிப்போன வருஷமும் உண்டு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது விழிஞ்ஞம், பூந்துறை, பூவார் தொடங்கித் தூத்தூர் வரை இந்தக் கரை முழுவதும் கடலில் ஆட்கள் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தபோதும் திரும்பி வராதவர்களுக்காகக் குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன. பூசைக்குப் போக ஆளில்லாத வீடுகளும் அன்று இருந்தன.

மற்ற வருஷங்களில் கேள்வி பழையபடி அடுப்படிக்கே வந்துவிடுகிறது. பணம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரத்து ஓட்டல்களும் பேக்கரிகளும் அடைத்து வாட்டிய பறவையைப் பெட்டியில் போட்டுத் தருகின்றன. இல்லாதவர்கள் மாலையிலேயே முக்கால் பங்கு வேகவைத்து மூடிவிட்டு, நள்ளிரவுக்குப் பின் வந்து மிச்சத்தை முடிக்கலாம் என்று நினைப்பதுண்டு. ருசிக்கு இது பாதகமில்லை, கிருமிக்குத்தான் கொண்டாட்டம். அரைவேக்காட்டுப் பறவை அஞ்சாறு மணி நேரம் ஆறிக் கிடப்பதைவிட, முழுக்க வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, வந்ததும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குவது எவ்வளவோ மேல். பாட்டியும் மருமகளும் அப்போது சேலை கசங்காமல் பூசைக்குப் போய் வரலாம்.

முழுப் பறவையாக ஓவனில் வைத்தவர்களுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. வெளியே எடுத்த உடனே வெட்டக் கூடாது. இருபது நிமிஷம் சும்மா விட்டால்தான் சாறு சதைக்குள் திரும்பும். முற்றத்தில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தி முடிப்பதற்கும் அப்பச்சட்டி காய்வதற்கும் அந்த நேரம் சரியாக இருக்கும்.